மூன்றாவது குவியல்

காலணியைக் குதிகாலில் பிடித்துத் தலைகீழாக்கி மூன்று தட்டுத் தட்டுவார் கார்ப்பரல் சோவர்பி. பெரும்பாலும் மண்தான் உதிரும். சில சமயம் ஒரு மோதிரம் விழும். ஒருமுறை, காகிதத்தில் சுற்றிய பால்பல் ஒன்று விழுந்தது. அதை அதே காகிதத்தில் சுற்றி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கட்டி, பெட்டியின் மேலாக வைத்தார். அடியில் வைத்தால் நசுங்கிவிடுமாம்.

இரண்டாம் உலகப் போரில், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருந்த அந்தக் குண்டுவீச்சு விமான முகாமில் யாரும் 'செத்துப்போனான்' என்று சொல்வதில்லை. 'வரவில்லை' என்பார்கள். ஒரு விமானம் வரவில்லை என்றால் ஏழு கட்டில்கள் காலி. பிற்பகலில் புதிய ஏழு பேர் பை தூக்கி வந்துவிடுவார்கள். அதற்குள் பழையவர்களின் துணிமணி, சீப்பு, சைக்கிள், பாதி தின்ற சாக்லேட் வரை எல்லாம் அங்கிருந்து மறைந்தாக வேண்டும். மறைய வைப்பவர் சோவர்பி. வயது நாற்பத்து நான்கு. ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றவர். சட்டையை மடித்தால் கழுத்துப் பட்டி கடையில் புதிதாக வாங்கியதுபோல் நிமிர்ந்து நிற்கும்.

கட்டில்மேல் மூன்று குவியல் போடுவார். போர்வை, விமானத்தில் போடும் காலணி முதலிய அரசாங்கத்துச் சாமான் ஒன்று. வீட்டுக்குப் போக வேண்டியது இன்னொன்று. மூன்றாவது எங்கும் போகாது. ஒரு தாய் பார்க்கக் கூடாத படங்கள், மனைவி படிக்கக் கூடாத கடிதங்கள். அவை கொட்டகை நடுவிலிருக்கும் கரியடுப்புக்குள் போகும். இப்படிச் செய் என்று எந்த ஆணையிலும் எழுதியிருக்கவில்லை. மேலதிகாரி ஒருநாள் அடுப்பைப் பார்த்தார், சோவர்பியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் உத்தரவு.

வீட்டுக்குப் போகும் காலுறைகளில் ஓட்டை இருந்தால் உட்கார்ந்து தைப்பார். கொட்டகை பெருக்கும் விமானப்படைப் பெண் ஆல்மாவுக்கு இது தீராத வேடிக்கை.

"என்ன கார்ப்பரல், என் காலுறையிலயும் ரெண்டு ஓட்டை இருக்கு. அதைத் தைக்கணும்னா நானும் பெர்லினுக்குப் போயிட்டு வராம இருக்கணுமா?"

"உன் வாயில இருக்கற ஓட்டையை முதல்ல தைக்கணும் பொண்ணே."

"நூல் பத்தாது உங்களுக்கு."

"அவங்க அம்மா பெட்டியத் திறந்ததும் முதல்ல காலுறையத்தான் எடுத்துப் பார்ப்பாங்க," என்பார், ஊசியிலிருந்து கண் எடுக்காமல். "பிள்ளை ஓட்டைக் காலுறையோட திரிஞ்சான்னு தெரிய வேணாம். அதுக்கும் சேர்த்து அழுவாங்க."

ஆல்மா துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள்.

கடிதங்களில் மட்டும் அவருக்கு ஒரு கூச்சம் உண்டு. எது எந்தக் குவியல் என்று தெரிய, ஒரு கட்டுக்கு ஒரு கடிதத்தைப் படித்தாக வேண்டும். ஒன்றே ஒன்று, அதற்குமேல் படிப்பது பிறர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பது அவர் எண்ணம். நவம்பர் கடைசியில் சார்ஜன்ட் லெனர்ட் ஆஸ்க்யூவின் கட்டிலை ஒழித்தபோதும் அப்படித்தான் செய்தார். ரேடியோக்காரப் பையன், இருபத்திரண்டு வயது. படையின் பதிவுத் தாளில் 'மணமாகாதவர்' என்றும், நெருங்கிய உறவு தாய் என்றும் பதிவாகியிருந்தது. பிஸ்கட் டப்பாவில் காலணி நாடாவால் கட்டிய ஆறு கடிதங்கள். தலையணைக்கு அடியில் பிரிக்காத ஒன்று. எல்லா உறையிலும் ஒரே பெண் கையெழுத்து. பிரிக்காததைப் பிரித்துப் படித்தார். கிரிம்ஸ்பியில் மீன் டப்பா ஆலையில் வேலை செய்யும் மேவிஸ் என்பவள், தனக்குக் குழந்தை உண்டாகியிருப்பதாக எழுதியிருந்தாள். ஹெக்ஸமில் இருக்கும் அந்தத் தாயை நினைத்தார். பிள்ளை போன துக்கத்தோடு இதுவுமா? ஏழு கடிதங்களையும் அடுப்பில் போட்டார்.

ஜனவரியில் ஒரு காலை, இரண்டு காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஆல்மா கதவைத் தள்ளினாள்.

"கார்ப்பரல், மீசையைச் சீவிக்குங்க. உங்களைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கா."

பின்னால் நின்றவளின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் ஆல்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லி நகர்ந்தாள்.

வந்தவளின் மேல்கோட்டில் நடுப்பொத்தான் மட்டும் போடப்படவில்லை. போட முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது.

"லெனோட சாமானைக் கட்டினது நீங்கதான்னு வாசல்ல சொன்னாங்க சார். லெனர்ட் ஆஸ்க்யூ. நான் மேவிஸ். அவரோட மனைவி."

"நான் சாரெல்லாம் இல்லம்மா," என்றார் சோவர்பி. வாய் தானாகச் சொன்னது. "உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து திருமணப் பதிவுச் சீட்டை எடுத்துக் காட்டினாள். செப்டம்பர் பதினெட்டு. "படைத் தாள்ல நெருங்கிய உறவுக்கு என் பேரைப் போடச் சொன்னேன். கணக்குக்குப் பறக்க வேண்டிய முப்பது தடவையும் முடியட்டும், நடுவுல மாத்தினா ராசி கெட்டுடும்னாரு. அம்மாகிட்டயும் அப்புறமா நேர்ல சொல்றேன்னாரு."

சோவர்பி சீட்டைத் தொடாமல் படித்தார்.

"நான் ஹெக்ஸமுக்குப் போனேன் சார். அவங்கம்மா வாசப்படியிலயே நிறுத்திட்டாங்க. 'என் பிள்ளை பெட்டி வந்தாச்சு, கைக்குட்டை வரைக்கும் எடுத்துப் பார்த்தாச்சு. உன் கையெழுத்துல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பொண்டாட்டி கடுதாசிய எந்தப் புருஷனாவது தூக்கிப் போடுவானா'ன்னு கேட்டாங்க. இந்தச் சீட்டைக் காட்டினேன். 'காகிதத்துல யாரு வேணாலும் என்ன வேணாலும் எழுதிக்கலாம்'னு கதவைச் சாத்திட்டாங்க."

ஆல்மா தேநீரோடு வந்து, வைக்க இடம் தெரியாமல் நின்றாள்.

"அவங்க சொன்னதுகூடப் பரவாயில்ல. ரயில்ல திரும்பி வரும்போது எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சிருச்சு. உண்மையச் சொல்லுங்க சார். லென் என் கடுதாசியையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரா?"

தபாலில் தொலைந்திருக்கலாம், போர்க்காலத்தில் சகஜம். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு அவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

"வெச்சிருந்தாரு," என்றார். "பிஸ்கட் டப்பாவுல. ஆறு கடுதாசி. காலணி நாடா போட்டுக் கட்டியிருந்தாரு. மேல இருந்தது மடிப்புல கிழிஞ்சு போயிருந்துச்சு, அத்தனை தடவை பிரிச்சிருக்காரு."

"எங்க இருக்கு?"

"எரிச்சுட்டேன்."

ஆல்மா தேநீர்க் கோப்பையைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

"உங்களை வேற யாரோன்னு நினைச்சேம்மா. இன்னும் ஒண்ணைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். படிக்கல."

மேவிஸ் அப்போதுதான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் ஏழு எழுதினேன்," என்றாள்.

"ஏழாவது தலையணைக்கு அடியில இருந்துச்சு. பிரிக்கல. கிளம்புற அன்னிக்கு வர்ற கடுதாசிய இங்க நிறைய பேர் பிரிக்க மாட்டாங்க. படிக்க ஒண்ணு பாக்கி இருந்தா திரும்பி வந்துடலாம்னு ஒரு நம்பிக்கை."

"அப்போ லெனுக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

அவள் கை, மூடாத பொத்தானின்மேல் போய் நின்றது. "அப்போ அதை யாருமே படிக்கல."

"நான் படிச்சேன்," என்றார் சோவர்பி. "வாந்தி எடுத்தீங்கன்னு, மீன் நாத்தம் ஒத்துக்கலைன்னு நினைச்சு மேற்பார்வைக்காரி உங்களை வெளிய அனுப்பினா இல்ல? 'அஞ்சு வருஷமா மீன் என்னை ஒண்ணும் செய்யல, இது உன் வேலை'ன்னு எழுதியிருந்தீங்க. அந்த இடத்துல நான் சிரிச்சுட்டேன். தனியா நின்னு, சத்தமாவே சிரிச்சேன். அப்புறந்தான் எரிச்சேன்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்றே ஆல்மாவுக்குத் தோன்றியது.

"அந்த இடத்துல லென் தொடையில தட்டிக்கிட்டுச் சிரிச்சிருப்பாரு," என்றாள் மேவிஸ். குரலில் மன்னிப்பு இல்லை. பிறகு, "இதை அவங்கம்மாகிட்ட யார் போய்ச் சொல்றது? நான் சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டாள்.

சோவர்பி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். முகாமின் பெயர் அச்சிட்ட தாளை ஒதுக்கிவிட்டு வெற்றுத்தாள் ஒன்றை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வெற்றுத்தாளை வைத்துவிட்டு அச்சிட்ட தாளையே எடுத்தார். முதலில் தன் பெயர், பதவி, படை எண்.

ஆல்மா அவர் தோளருகே குனிந்தாள். "கார்ப்பரல், எழுத்துல மட்டும் குடுக்காதீங்க. வாயால சொல்லி அனுப்புங்க. அந்த அம்மா இதைத் தூக்கி மேலிடத்துல காட்டினா உங்க கைப்பட்டையைப் பிடுங்கிப் பதவிய இறக்கிருவாங்க. ஜெயில்லயும் போடுவாங்க."

"போடட்டும். கொஞ்சம் மையை இப்படித் தள்ளு பொண்ணே."

'மதிப்பிற்குரிய திருமதி ஆஸ்க்யூ' என்று தொடங்கினார். எத்தனை கடிதங்கள், எதில் வைத்திருந்தான், எதனால் கட்டியிருந்தான், எது தலையணைக்கடியில் இருந்தது, யார் எரித்தது என்று எழுதினார். 'உங்கள் மகன் எதையும் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட்டவன் நான்' என்று எழுதிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அடியில் முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார். ஊதிக் காயவைத்தார். மூன்றாக மடித்து உறையில் வைத்தார்.

வேலை செய்ய வந்த நாளிலிருந்து ஊரார் கடிதங்களைப் பிரித்த அந்த மனிதர், உறையின் பசையோரத்தைத் தொடவில்லை. திறந்த வாக்கிலேயே, மேசையின்மேல் மேவிஸ் பக்கமாக நகர்த்திவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.