கடைசியில் சாரின் பெயர்

ஒரே வழிகாட்டியிடம் வேதியியல் ஆய்வு செய்கிற நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். எழுதியது இரண்டு பக்கம். யார் பெயர் முதலில் வருவது என்று அடித்துக்கொண்டது நான்கு நாள். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயருக்காக நாய் படாத பாடு பட்டே பழகியவர்களுக்கு மனுவிலும் அந்தப் புத்தி போகவில்லை. கடைசியில் அகர வரிசை என்று முடிவானபோது எனக்குக் கடிதமே அலுத்துவிட்டது.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாசுக்கான புதுக் கலவைகளுக்கு விதி வகுக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். பேராசிரியர்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு, முதலாளிகள் உண்டு. சோதனைக் கூடத்தில் அந்தக் கலவையோடு மல்லுக்கட்டுகிற ஆய்வு மாணவர் ஒருவர்கூடக் கிடையாது. ஒரே ஒரு இடம் கொடுங்கள், எங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம் என்று எழுதினோம். ஏசி அறையில் தேறிய கலவை ஏழாயிரம்பண்ணை வெயிலில் அப்படியே இருக்காது என்று என் அளவீடுகள் சொல்லின. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினோம். அந்த ஊர்ப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், வெடிமருந்து செலுத்துகிற அறையில்தான் என் அம்மா வேலை பார்க்கிறாள். எனக்குப் பயம். அதைக் கடிதத்தில் எழுதவில்லை.

தட்டச்சு செய்தது நான். ஏழு பெயரையும் அடித்து முடித்த கை, பழக்கத்தில் கடைசியாக வழிகாட்டி சாரின் பெயரையும் அடித்தது. இத்தனை வருடம் எதை எழுதினாலும் கடைசியில் அவர் பெயர் இருக்கும். ஏழு பேரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை. சாரும் சந்தோஷமாகப் போட்டார்.

குழு விருதுநகரில் கூடியது. பேச வரச் சொல்லி அழைப்பு சாருக்கு வந்தது. பெரிய பெயர் அவருடையதுதானே. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சார் எழுந்து, பசங்கள் ரொம்ப ஆர்வமாக இருக்கிறார்கள் என்றார். புது விதிகளை வரவேற்றார். எங்கள் கூடத்துக்குப் புதுக் கருவி ஒன்று கேட்டார். குழுவில் இடம் பற்றியும் வெயில் பற்றியும் மூச்சு விடவில்லை. வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "உங்க எல்லாருக்கும் சேத்து நானே பேசிட்டேன்ப்பா. டீ சாப்பிட்டீங்களா?" என்றார். சாப்பிட்டோம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத களைப்பு எனக்கு.

வீட்டில் அம்மா கையில் ஒட்டியிருந்த வெள்ளி நிற மருந்துப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேசுனியாலே?"

"சார் பேசுனாரும்மா."

"அங்கனயும் அப்படித்தானா? எங்க கம்பெனிக்கு ஆபீசருக வந்தா போர்மேன்தான் பேசுவாரு. நாங்க தள்ளி நிப்போம். வெக்கையில மருந்து எம்புட்டு சூடாயிருக்குன்னு எங்க கையக் கேட்டாத் தெரியும். எவன் கேக்கான்?"

நான் தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டாவதாக ஒரு கடிதமும் எழுதியாகிவிட்டது. அதில் சாரின் பெயர் இல்லை. மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போடாதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் ஆய்வேடு சாரின் மேசையில் இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லாமல் அது நகராது. கடிதம் என் பையில் இருக்கிறது. வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது, அம்மா காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.