சுண்ணாம்பு அடைத்த ஊசி

குழந்தைகளே, சின்ன வயதில் ஒருநாள் உங்கள் அண்ணனுக்குக் கடுமையான மூச்சிழுப்பு. அடையாறில் எங்கள் தெரு டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒல்லியாக, தடித்த கண்ணாடி போட்ட ஒரு நர்ஸம்மா இருந்தார். எந்த ஊசியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குத்துவார்.

அந்நாளில் ஊசியைக் கொதிக்கவைத்துப் போடுவார்கள். அதற்கான மின்சாரப் பெட்டி அன்று சூடேறவில்லை. குழாயில் வரும் உப்புத்தண்ணீரின் சுண்ணாம்பு, அதன் சூடேற்றும் கம்பியில் கெட்டியாகப் படிந்து அதைக் கெடுத்திருந்தது.

"அப்படியே போடுங்கம்மா!" என்று கத்தினேன்.

"ஸ்டவ்வு பத்த வெச்சிக்கீறேன். கொதிக்காத ஊசிய குத்தமாட்டேன். சும்மா இரு நைனா!"

தண்ணீர் கொதிக்கும்வரை அண்ணனின் முதுகைத் தடவி, "என்கூட மூச்சு வுடு கண்ணு" என்று அவனோடு சேர்ந்து பலமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கொதித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; முதல் ஊசியின் துளையையும் சுண்ணாம்பு அடைத்திருந்தது. அதை எறிந்துவிட்டு கூடவே கொதித்த வேறொன்றை எடுத்துக் குத்தினார்.

அண்ணனுக்கு மூச்சு சீரானது. நர்ஸம்மாவுக்குத்தான் வெகுநேரம் இரைத்துக்கொண்டிருந்தது.