ஆதாமின் மண்டையோடும் என்னுடையதும்

கருகிய வயர் நாற்றம்தான் முதலில் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி; கன்னடம் பேசும் நகரில், அடுகோடிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். போர்டு போர்டாகக் கழற்றிப் பார்த்தேன். எங்கும் கருகவில்லை. வீட்டிலும் அதே நாற்றம்.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க நாறுது?" என்றாள் மனைவி லலிதா. அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும் கட்டி) என்றார் டாக்டர். இல்லாத நாற்றத்தை மூக்குக்குக் காட்டியது அதுதானாம். மண்டையோட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார். கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை.

அது கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனை. கட்டிலுக்கு எதிரே பெரிய சிலுவை. இயேசுவின் காலடியில் ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. இருபது வருடமாக டிரான்ஸ்பார்மர் வேலிகளில் நான் மாட்டிவந்த அதே படம். அதை மறைக்கச் சொன்னேன். லலிதா ஸ்டூலில் ஏறி, என் துண்டால் அதை மூடினாள்.

பிரஷர் பார்க்க வந்த சிஸ்டர், அதே நகரின் காக்ஸ் டவுன் பகுதித் தமிழர், துண்டை எடுத்தார். நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"வேற கட்டில் குடுங்க சிஸ்டர். சாமி காலடியில யாராவது டேஞ்சர் போர்டு மாட்டுவாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அது டேஞ்சர் இல்லண்ணா, ஆதாம். மொதல் மனுசன். அவரைப் பொதச்ச எடத்துலதான் சிலுவைய நட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஆண்டவர் ரத்தம் அவர் மண்டையிலதான் மொதல்ல விழுந்துச்சாம். செத்தவங்களுக்கும் உயிர் உண்டுன்னு அர்த்தம்."

மாலைவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதம் மாறும் எண்ணமெல்லாம் எனக்கில்லை. ஆனால் அத்தனை பழைய எலும்பைக்கூட மறக்காமல் காலடியில் வைத்திருக்கிறார்களே என்று பிரமித்துப்போனேன். படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கிரேனியாட்டமி (மண்டையோட்டில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, பிறகு திரும்பப் பொருத்துவது) ஐந்து மணி நேரம் நடந்தது. நாற்றம் அதோடு போயிற்று. தெரிந்தவர்கள் பெயரெல்லாம் இரண்டு மாதம் தடுமாறியது. இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் என்றால் உங்களுக்கும் அப்படி ஆகலாம், பதறாதீர்கள்.

தையல் பிரித்தபின் முதல் தலைக்குளியல். சீயக்காய் தேய்த்த லலிதாவின் விரல் சட்டென்று நின்றது.

"இங்க ஒரு சின்னப் பள்ளம். துடிக்குதுங்க."

எலும்பை அறுப்பதற்காக டிரில் போட்ட இடம். நானும் விரல் வைத்தேன். தோலுக்குக் கீழே மூளை, இதயத்தோடு சேர்ந்து துடித்தது. சாவின் படம் என்று நான் பயந்த எலும்பு, பிறந்த நாள் முதல் இதைத்தான் பொத்திக் காத்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அப்போதுதான் எனக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டதுபோல இருந்தது. அழுதுவிட்டேன்.

"வலிக்குதா?" என்றாள் பயந்துபோய்.

"இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் கைய அங்கயே வையி."