குடல் அனுப்பிய சேதி

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதிப் போடும் இந்தப் பக்கத்தில் இரண்டு வாரமாக என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தூக்கிப் போய், வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் கிடையாது. டிரிப் மட்டும்தான். ஏன்? டாக்டர் தம்பி பொறுமையாகச் சொன்னார். கை பட்டால் குடல் தூங்கிவிடுமாம். யாரும் தட்டி எழுப்ப முடியாதாம். தானாக விழித்துக்கொண்டால் காற்றை வெளியே அனுப்பும். அதுதான் சேதி. சோறு அதற்குப் பிறகுதான்.

சிறுகுடல் மட்டுமே ஒரு பட்டுப்புடவை நீளம் இருக்குமாம்! அத்தனையும் இந்தச் சின்ன வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது. நான் படித்தது கையெழுத்து போடவும், எழுத்துக்கூட்டிப் பேப்பர் பார்க்கவும்தான். இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? நான் விழுங்கிய கேழ்வரகுக் களியைக் கரைத்து, சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்து, சக்கையைத் தள்ளி... நான் நாற்று நட்டபோதும் தூங்கியபோதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை வேலை! நானோ இந்த உடம்புக்கு எஜமானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் விடியற்காலையில் சேதி வந்துவிட்டது.

ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த நேரம் பார்த்து, மாகறல் சம்பந்திகள் இரண்டு பேரும் கட்டில் பக்கத்தில் நிற்கிறார்கள். என் மகள் வாழப்போன வீடு. அவர்கள் முன்னால் கொட்டாவிகூட விடாதவள் நான்.

"காத்து பிரிஞ்சுதாம்மா?"

"இல்ல."

டாக்டர் முகம் வாடியது. நர்ஸிடம் திரும்பினார். "நாலு நாளாச்சு. ஸ்கேன் எடுத்துடலாம். மறுபடியும் தொறக்க வேண்டி வந்தாலும் வரும்."

மறுபடியும் கத்தியா? அப்போதும் வாய் திறந்தேனா? இல்லை!

பக்கத்துக் கட்டிலில் மளிகைக் கடைக்கார வீட்டு மும்தாஜ். எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கோவ்! விடிகாலைல போன சத்தத்துல நானே முயிச்சிக்கினேன். இப்ப இல்லன்ற? வெக்கப்பட்டுக்கினு இன்னொரு தபா வயித்த அறுத்துக்கப் போறியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். சம்பந்திகளும் பார்த்தார்கள்.

"போச்சு சார்..." என்றேன். "ரெண்டு தபா."

வார்டே சிரித்தது. சம்பந்தியம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கா சம்பந்தி மறைச்சீங்க? எங்களுக்கு மட்டும் இன்னா, தங்கத்துல கொடலா கீது?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "ஜோரா வேல செய்யுதும்மா" என்றார். அன்று மத்தியானம் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கொடுத்தார்கள். அமிர்தம்!

ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த உடம்பில் பொய் சொல்லத் தெரிந்தது வாய் ஒன்றுதான்.