அஞ்சம்மாள் அக்கா எந்தக் கட்சி?

அஞ்சம்மாள் அக்கா இறந்த செய்தி எனக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. அச்சுக்கூடத்து வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்திய பக்கிரி, "அஞ்சம்மா அக்கா வெடியக்காலையில போயிடிச்சாம் அண்ணே" என்றான். கையில் இருந்த கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்து முடித்து, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு மூன்று மணிக்குத்தான் போனேன். எங்கள் வாய்க்கால் கரையில் சில வருஷங்களாக ஒரு வழக்கம். இறந்தவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்காரர்கள் மாலை வாங்கி, பாடை கட்டி, கொடி போர்த்தி எடுத்துப் போவார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். அக்கா மறு கட்சி ஆள் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்கால் மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பது அவர் வேலை. பிறந்தது நெரவிப் பக்கம். கணவர் போனபின் வயல் வேலை கட்டுப்படியாகாமல் டவுனுக்கு வந்து, கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டவர். பிள்ளை இல்லை. வாய் இருந்தது. கெளுத்தி மீனானாலும் தாசில்தாரானாலும் முள் குத்தாமல் எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியும்.

எழுபதுகளில் எங்களுக்கு ஓட்டு கிடையாது. வாக்காளர் பட்டியல் எடுக்க வரும் வாத்தியார் தெருமுனை மாடி வீட்டோடு திரும்பிவிடுவார். கதவு எண் இல்லாத வீட்டை எழுத முடியாதாம். எங்கள் வீடுகளுக்குக் கதவே கிடையாது. மேரிக்கு, அப்போது நகராட்சியைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நான் எழுதிப்போட்ட மனுவுக்கெல்லாம் பதிலில்லை. ஒரு நாள் அக்கா என்னிடம், "அந்த மாடி வீட்டு நம்பரு என்ன தம்பி?" என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன்.

"அப்ப நம்ம நாப்பத்திரெண்டு. எழுது. யாரு குடுத்த நம்பருன்னு வாத்தியாரு கேக்கவா போறாரு?"

தார் டப்பாவோடு கிளம்பினோம். தட்டியிலும் மூங்கில் காலிலும் நூற்றுப் பத்து வரை எழுதினேன். அடுத்த முறை வந்த வாத்தியார் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு நாற்பத்திரண்டிலிருந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தத் தேர்தலில்தான் கரை முதன்முதலாக ஓட்டுப் போட்டது. அக்கா விரல் மையைக் கழுவாமல் இரண்டு நாள் மீன் ஆய்ந்தார்.

அதற்கடுத்த தேர்தலில் எங்களைத் தேடிக் கார்கள் வந்தன. வந்தவர் எல்லோரிடமும் அக்கா ஒரே பேச்சுத்தான் பேசினார். "நாங்க அத்தன வீடும் ஒரே பக்கந்தாங்க. எந்தப் பக்கம்னு கொழா வந்த அன்னக்கி சொல்றோம்." குழாய் வந்தது. தாங்கள்தான் போட்டோம் என்று இரண்டு கட்சியும் சொந்தம் கொண்டாடின. அக்கா இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சொம்பு பிடித்துக் கொடுத்து, "குடிங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த ஒரே பக்கத்தைக் கெடுத்தவன் நான். இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஒரு கட்சி என்னைக் கிளைச் செயலாளர் ஆக்கி, கூட்டத்தில் மேடையில் நாற்காலி போட்டது. நாள் முழுக்க நின்றபடியே எழுத்துக் கோத்தவனுக்கு அந்த நாற்காலி தலைக்கு ஏறிவிட்டது. குழாய்க்குப் பக்கத்திலேயே கொடிக்கம்பம் நட்டேன். அக்கா மார்க்கெட்டிலிருந்து நேரே வந்து நின்றார்.

"நீ கொடி ஏத்து தம்பி, நான் வேணாங்கல. கொழாகிட்ட மட்டும் வேணாம். தண்ணிக்கு வர்றவ அண்ணாந்து பாத்துட்டா நிக்கணும்?"

"வேற எடம் எங்கக்கா இருக்கு?" என்றேன். இடம் இருந்தது.

மறு மாதமே மறு கட்சியின் கிளைச் செயலாளர் கலியபெருமாள் குழாய்க்கு அந்தப் பக்கம் தன் கம்பத்தை நட்டார். அதிலிருந்து தண்ணீருக்கு இரண்டு வரிசை. அக்கா ஒரு நாள் இதில் நின்றார், ஒரு நாள் அதில் நின்றார். எங்கள் வரிசைப் பெண்கள் அவரை மறு கட்சி ஆள் என்றார்கள். மறு வரிசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் குழாய்க்கு வருவதையே விட்டுவிட்டு, மார்க்கெட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கிவர ஆரம்பித்தார். என் வாசலைத் தாண்டித்தான் போவார். பார்ப்பேன், பேசமாட்டேன். அப்படியே ஏழு வருஷம் ஓடிப்போனது.

அன்று மூன்று மணிக்கு நான் போனபோது பாடையும் இல்லை, மாலையும் இல்லை. வேலை முடிந்து வந்த மார்க்கெட்டுப் பெண்கள் இருவரும் நெரவியிலிருந்து வந்த தம்பி மகனும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கலியபெருமாள் நின்றார். அவரும் அப்போதுதான் வந்திருந்தார்.

"ஒங்க ஆளாச்சேன்னு இருந்துட்டேங்க" என்றார்.

நான் சொல்லவிருந்ததும் அதே வார்த்தைதான். அவரும் நானும் மூங்கில் வாங்கிவந்து கட்டினோம். கொடி போர்த்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பாடையின் பின்முனையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தோம். அவர் என்னைவிட உயரம். "கொஞ்சம் தூக்கிப் புடிங்க, அக்கா சாயிது" என்றார். தூக்கிப் பிடித்தேன். கரை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. தம்பி மகன் கொள்ளி வைத்தபின், அரசலாற்றில் முங்கி எழுந்து அவர் ஒரு வழியாகவும் நான் ஒரு வழியாகவும் வீட்டுக்கு வந்தோம். இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கரையில் எனக்குத் தெரியாத முகமில்லை, உட்கார்ந்து பேச ஒருவருமில்லை.

அக்காவின் பேச்சும் சிரிப்பும் அவரை அறிந்த உங்களிடமும் இருக்கும். என்னிடம் இருப்பது அந்த ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் இருந்த பொழுது. அவ்வளவு நேரமும் அவர் யாருடைய ஆள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம்ம ஆள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.