மூடி வைத்த கருவாட்டுப் பை

வெள்ளைத் துணி போட்டு மூடிய ஓலைப் பை ஒன்று ஜட்ஜ் அய்யாவின் மேசையில் மூன்று நாள் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி, ராமநாதபுரம் கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட். பாம்பனில், கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு அம்மாள், கருவாடு ஈரிக்காமல் இருக்கத் தானே ஒரு பை முடைந்து, அதற்குப் பேட்டண்டும் வாங்கியிருந்தார். மண்டபத்து வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து அப்படியே செய்து விற்றார். அம்மாள் வழக்குப் போட்டார். வியாபாரியோ, இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான், பேட்டண்ட் செல்லாது என்று வாதம். வழக்கில் தோற்றால் அந்த அம்மாளுக்குப் பையின் மேல் எந்த உரிமையும் இருக்காது.

உண்மையைச் சொல்கிறேன், பைக்கு நம்பர் ஒட்டும்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. மேலே நெருக்கமான முடைசல், அடியில் கண் கண்ணாகத் தளர்ந்த முடைசல், தரையில் படாமல் தூக்கி நிறுத்த ஓர் ஓலை வளையம். பூ, இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டேன். ஜட்ஜ் அய்யா மட்டும் அதைப் பார்க்க மறுத்துவிட்டார். "விடையைப் பாத்துட்டா எந்தக் கணக்கும் சுலபம்தான். மூடியே வைங்க" என்றார். அவருடைய பிடிவாதம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

வியாபாரியின் சாட்சி அவருடைய சொந்த மச்சான். தனுஷ்கோடியில் முப்பது வருஷமாகக் கருவாட்டு வியாபாரம். பையை அவரும் பார்த்ததில்லை. கருவாடு ஈரிக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று ஜட்ஜ் அய்யா கேட்டார்.

"வாயை இறுக்கிக் கட்டுவோம்யா. உப்புக்காத்து உள்ள போயிரும்ல."

"அப்பவும் ஈரிச்சா?"

"ரெண்டு பையாப் போட்டு இன்னும் இறுக்குவோம்."

எங்கள் கரையில் பூட்டு துருப்பிடித்தாலும் மூட்டு வலித்தாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான். அந்த அம்மாள் மட்டும் கூண்டில் ஏறி வேறு சொன்னார்: "ஈரம் வெளிய இருந்து வரலய்யா. மீனுக்குள்ளயே கெடக்கு. அது எறங்கிப் போக வழி வேணும்ல?"

அப்போதுதான் ஜட்ஜ் அய்யா துணியை எடுக்கச் சொன்னார். மச்சான் பையை வாங்கிக் கவிழ்த்து, அடிக்கண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இத்தன வருசமும் திருடனை உள்ள வச்சுல்ல பூட்டியிருக்கோம்! எனக்குத் தோணலய்யா."

"என்ன மச்சான் இது!" என்று வியாபாரி எழுந்துவிட்டார்.

"அல்லா மேல ஆணையிட்டுல்ல சொல்றேன். தோணல."

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புதான். பேட்டண்ட் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த அம்மாள் கைகூப்பி, "இது எனக்குத்தான் தோணுச்சுன்னு கோர்ட்டே சொல்லிருச்சாய்யா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும்தாம்மா தோணிருக்கு. எனக்கும் தோணியிருக்காது" என்றார் ஜட்ஜ் அய்யா. நான் டைப்ரைட்டரைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டேன்.