அம்மா தைத்த பந்தய உடை

நடந்தது இவ்வளவுதான்:

1. அந்தப் பருவத்தின் கடைசிப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் நான் விழாமல் மலையிறங்கினேன்.
2. மலேசியாவின் பெயரில் உலகப் போட்டிக்குப் போவதற்கான தகுதி, எல்லைக்கோட்டைக் கடந்தபோது என் கையில் இருந்தது.
3. கடந்த பிறகு என் உடையைச் சோதித்தார்கள்.
4. உடையில் இருக்க வேண்டிய முத்திரை இல்லை.
5. என் பெயரை அடித்துவிட்டார்கள்.

எதையும் வரிசைப்படுத்திவிட்டால் மனம் கொஞ்சம் அடங்கும். கிள்ளானிலிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்துக்கு இயந்திரப் பொறியியல் படிக்க வந்த நாளிலிருந்து இப்படித்தான் சமாளித்து வருகிறேன். இங்கே பேருந்தில் ஆளுயரப் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறினால் யாரும் பலகைகளைப் பார்ப்பதில்லை, அவற்றைப் பிடித்திருக்கும் கறுத்த கையைத்தான் பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வந்தபோது அதே பலகைகளோடு கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். அங்கே எல்லாரும் பலகைகளைப் பார்த்தார்கள். "என்னா அக்கா இது, ஏணியா? நடுவுல படியே காணோமே," என்றார் கண்டக்டர். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பயணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் குளிர்கால வகுப்பாகத்தான் சறுக்கக் கற்றேன். பயிற்சியாளர் ஹெல்கா ஒளித்துப் பேசத் தெரியாதவர். "இந்தப் பள்ளத்தாக்கில் உன்னைவிட வேகமான பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உன் நாட்டில்?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "அப்படியானால் உன் நாட்டுக்காக இறங்கு." ஊரிலிருந்த விளையாட்டுச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒரே ஒரு பருவத்துக்கு நாட்டின் பெயரைப் பயன்படுத்த அனுமதி வந்தது. பனியே விழாத நாட்டின் பெயரைச் சொல்லும்போது ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு முறையும் சற்றுத் தயங்குவார். புதியவர்கள் கடைசியில்தான் இறங்க வேண்டும். அதற்குள் முன்னால் போனவர்களின் பலகைகள் பனியை ஆழமாக அறுத்துப் பள்ளமாக்கியிருக்கும். நமக்கென்று ஒரு தடம் போட முடியாது. அந்தப் பள்ளங்களிலேயே கால் உடையாமல் இறங்கப் பழகினேன். படிப்பின் கடைசி ஆண்டு அது. எனக்கும் இன்னொரு பருவம் கிடையாது.

பருவம் தொடங்குமுன் ஊருக்கு வந்தேன். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். என் பந்தய உடையின் முதுகில் நாட்டின் பெயரை அவர்தான் தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்ஸ்புருக்கிலேயே தைக்கக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. உடையை விரித்துப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்ன பிள்ள இது, தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு? டிவியில போட்டா ஊரே பாக்குமே."

"அப்படி இருந்தாத்தாம்மா காத்து புடிக்காது. வேகமா போவலாம்."

"கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்."

ரவிக்கை வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு பரமேஸ் ஆன்டி விடவில்லை. "சறுக்கி விழுறதுக்கு ஏரோப்பிளேன் ஏறி அவ்ளோ தூரம் போவணுமாலா? எங்க வீட்டு பாத்ரூமுக்கு வா, ஃப்ரீயா விழலாம்!"

அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே உடையை மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்தார். சுபாங் விமான நிலையத்தில் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தார். மேலே திருநீறு மடித்த காகிதம் இருந்தது. இன்ஸ்புருக்கில் பிரித்தபோது முதுகில் வெள்ளை எழுத்துகள் ஒரு நூல்கூடப் பிசகாமல் நின்றன. இடுப்பின் இரு பக்கமும் அதே நிறத்தில் வேறு துணி வைத்துத் தாராளமாக அகலப்படுத்தப்பட்டிருந்தது. ஹெல்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி பிரித்துப் பழையபடி ஒட்டத் தைத்துக்கொண்டேன். இடுப்பை மட்டும்தான் பார்த்தேன்.

வழவழப்பான துணி உடுத்தியவர் விழுந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போவார். அதனால் துணியைச் சோதித்து, சோதித்ததற்கு அடையாளமாகச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு முத்திரையைத் தையலில் பதித்திருப்பார்கள். என் உடையில் அது இடது காலின் உட்பக்கம் இருந்தது. சிறிய பந்தயங்களில் யாரும் பார்ப்பதில்லை. கடைசிப் பந்தயத்தில் பார்த்தார்கள். சோதித்த அதிகாரி வயதானவர், மரியாதையானவர். குனிந்து தையலைத் தடவினார். நானும் குனிந்தேன். முத்திரை இருந்த இடத்தில், துளைகூடத் தெரியாமல், அதே நிற நூலால் நெருக்கமாக அடைத்துத் தைத்திருந்தது. அந்தத் தையலை உலகில் எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"என் அம்மா தைத்தார்," என்றேன்.

"உங்கள் தாயார்தான் தயாரிப்பாளரா?"

"இல்லை. அவர் ரவிக்கை தைப்பவர்."

அவர் அதையும் கவனமாகக் குறித்துக்கொண்டார். "அப்படியானால் அவருடைய தொழிற்சாலை எங்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும்," என்றார். கிண்டல் இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். கையுறையைக் கழற்றி எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். ஹெல்கா அன்று சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போன் செய்து, "என்னை எடுக்கலம்மா," என்று மட்டும் சொன்னேன். காரணத்தை வீட்டில் அவர்களாகவே கற்பித்துக்கொண்டார்கள். அடுத்த தீபாவளிக்கு வந்தபோது பரமேஸ் ஆன்டி முறுக்குத் தட்டோடு வந்து ஆறுதல் சொன்னார். "நம்ம பிள்ளைங்கள எங்க வுடுவானுங்க? நீ மனச வுட்டுறாதலா." அம்மா தலையாட்டினார். தமிழர் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்ற அந்தக் காரணம் நம் வீடுகளில் எப்போதும் தயாராக இருக்கிறது, பல நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது. இந்த ஒருமுறை அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் விரல்களைப் பார்த்ததும் முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

மறுநாள் என் குளிர்க்கோட்டில் ஒரு பொத்தான் அறுந்திருந்ததைக் கண்டு, அம்மா தம் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். பொத்தான்களுக்கு நடுவே அது கிடந்தது.

"இது ஒன் சறுக்கு சட்டையில இருந்துச்சு பிள்ள. கடைக்காரன் எடுக்க மறந்துட்டான் போல. ஓடுறப்ப கால்ல குத்துமேன்னு வெட்டிட்டேன். ஏதாச்சும் ஒதவும்னு பத்திரமா வச்சிருக்கேன். வேணுமா?"

"டப்பாவுலயே இருக்கட்டும்மா."

"குத்தலதானே?"

"குத்தல."

கோட்டுக்குப் பொருத்தமான பொத்தானைத் தேடி எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, நூல் ஒருபோதும் விடாதபடி தைத்துக் கொடுத்தார்.

இப்போது இன்ஸ்புருக்கில் மலைக் கம்பிவண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பந்தயங்களில் கலந்துகொள்வதில்லை. நாட்டின் பெயர் தைத்த உடை இங்கே அலமாரியில் தொங்குகிறது. அதன் முத்திரை கிள்ளானில், அம்மாவின் பொத்தான் டப்பாவில் இருக்கிறது.